நேற்று யாருடையது?

கீவ் நகரில், தினிப்ரோ ஆற்றின் உயர்ந்த கரையில், எஃகால் ஆன ஒரு பெண் நிற்கிறாள். பீடத்தையும் சேர்த்தால் 102 மீட்டர் உயரம். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். 1981-இல், சோவியத் தலைவர் பிரெஷ்னேவ் ஆட்சியின் அந்திமக் காலத்தில், 'தாய்நாடு' என்ற பெயரோடு எழுந்தவள். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவள் கேடயத்தில் அரிவாளும் சுத்தியலும் கொண்ட சோவியத் முத்திரை இருந்தது. 2023 ஆகஸ்டில், நாட்டின் மீது ஏவுகணைகள் விழுந்துகொண்டிருந்த நாள்களிலேயே, தொழிலாளர்கள் மேலே ஏறி அந்த முத்திரையைப் பெயர்த்தெடுத்தார்கள். அந்த இடத்தில் உக்ரைனின் திரிசூலச் சின்னத்தைப் பொருத்தினார்கள். போர் நடக்கும்போது இந்தச் செலவு தேவையா என்று கேட்டவர்களும் உண்டு. வேலை நிற்கவில்லை.

அவளையே இடித்துத் தள்ளியிருக்கலாம். அப்படிச் செய்யவில்லை. அதே வாள், அதே முகம், சோவியத் காலத்து அதே எஃகு. கேடயம் மட்டும் வேறொன்றைச் சொல்லத் தொடங்கியது. எதை அகற்றுவது, எதை வைத்துக்கொள்வது, வைத்துக்கொண்டதை என்ன பெயரிட்டு அழைப்பது என்ற கேள்விகளுக்கு ஒரு தேசம் தந்த விடையாக அந்தச் சிலையைப் பார்க்கலாம். அந்த விடை முழுமையானதா என்பது வேறு கேள்வி.

நடந்தது நடந்ததுதான், இனி அதை யாராலும் மாற்ற முடியாது என்று நாம் நம்பி வாழ்கிறோம். நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் நிகழ்ந்ததோடு நமக்குள்ள உறவு கல்லில் செதுக்கியதன்று. இருபது வயதில் நாம் வெறுத்த தந்தையை ஐம்பது வயதில் புரிந்துகொள்கிறோம். அவர் செய்த எதுவும் இடையில் மாறிவிடவில்லை. தனி மனிதருக்கு நேர்வது ஒரு மக்கள் கூட்டத்துக்கும் நேர்கிறது. உக்ரைனியரின் சோவியத் நினைவு கடந்த முப்பது ஆண்டுகளில் மாறிய விதம் இதற்கு அரிய சான்று.

1991-ஆம் ஆண்டையே எடுத்துக்கொள்வோம். அந்த மார்ச் 17-இல் நடந்த பொதுவாக்கெடுப்பில், புதுப்பிக்கப்பட்ட சோவியத் ஒன்றியம் நீடிக்க வேண்டும் என்று உக்ரைனில் வாக்களித்தவர்களில் 70 விழுக்காட்டினர் சொன்னார்கள். அதே ஆண்டு டிசம்பர் 1-இல் தனிநாடு வேண்டுமா என்று கேட்டபோது 90 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள். இடையில் ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. ஆகஸ்டில் மாஸ்கோவில் ஒரு ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்து தோற்றது, அவ்வளவுதான். இதைச் சஞ்சல புத்தி என்று ஒதுக்குவது எளிது. ஆனால் மார்ச் மாதத்திலேயே, அதே நாளில், உக்ரைனின் இறையாண்மை பற்றிக் கேட்ட இன்னொரு கேள்விக்கு 80 விழுக்காட்டினர் ஆம் என்றிருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் படம் வேறாகிறது. மனிதர்கள் பெரும்பாலும் தம் முன் வைக்கப்பட்ட கதவுகளுக்குள்தான் தெரிவு செய்கிறார்கள். இல்லாத கதவைத் தட்டுவதில்லை. டிசம்பரில் புதிதாக ஒரு கதவு தெரிந்தது.

அந்தக் கதவுக்கு அப்பால் வறுமை நின்றது. 1993-இல் பணவீக்கம் ஆண்டுக்குப் பத்தாயிரம் விழுக்காட்டைத் தாண்டியது. வாழ்நாள் முழுதும் சேமிப்பு வங்கியில் போட்டுவைத்த பணம் காற்றில் கரைந்தது. ஆலைகள் சம்பளத்துக்குப் பதிலாகப் பொருளைக் கொடுத்தன. அப்படிப்பட்ட வேளையில் ஒரு முதியவர், "அந்தக் காலம் நன்றாக இருந்தது" என்று சொன்னால் அவர் ஸ்டாலினைப் புகழ்கிறார் என்று கொள்வது நியாயமாகாது. நேரத்துக்கு வந்த ஓய்வூதியத்தை, கோடையில் கிரிமியாவுக்குப் போன தொழிற்சங்கச் சுற்றுலாவை, தன் இளமையை அவர் நினைத்தார். 2010-இல் ரேட்டிங் என்ற ஆய்வுக் குழு கேட்டபோது, சோவியத் ஒன்றியம் சிதைந்ததற்காக வருந்துவதாக 46 விழுக்காட்டினர் சொன்னார்கள். 2022 ஏப்ரலில் அந்த எண்ணிக்கை 11 ஆகச் சுருங்கியது. முழுச் சரிவையும் மனமாற்றத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது: கிரிமியாவிலும் டொன்பாஸின் ஒரு பகுதியிலும் வாழ்ந்தவர்களை, 2014-இல் அப்பகுதிகள் உக்ரைனின் கைவிட்டுப் போன பின், கேட்க வழியில்லாமல் போனது, வருந்திய தலைமுறையில் ஒரு பகுதி மண்ணுக்குள் போனது. இதையெல்லாம் கழித்த பின்னும் மிஞ்சும் மாற்றம் பெரிது.

நமக்கும் அந்தச் சோவியத் நாட்டோடு ஓர் உறவு உண்டு. தொ.மு.சி. ரகுநாதன் தமிழில் தந்த கோர்க்கியின் 'தாய்' வழியாகவும், மாஸ்கோவில் அச்சாகி மிகக் குறைந்த விலையில் நம் ஊர்ப் புத்தகக் கண்காட்சிகளுக்கு வந்த வழவழப்பான கெட்டி அட்டை நூல்கள் வழியாகவும் சோவியத் என்ற சொல்லை அன்போடு உச்சரிக்கக் கற்றவர்கள் நம்மில் ஏராளம். அந்த அன்பு பொய்யன்று. ஆனால் அந்த நூல்களில் 1933-ஆம் ஆண்டின் உக்ரைன் கிராமம் இல்லை.

1932, 33-இல் அந்தக் கிராமங்களில் தானியக் கொள்முதல் குழுக்கள் வீடு வீடாகப் புகுந்து, இரும்புக் கம்பியால் தரையைக் குத்திப் பார்த்து, விதை நெல் என்று நாம் சொல்வோமே, அந்த விதைக் கோதுமையைக்கூட எடுத்துச் சென்றன. கூட்டுப்பண்ணை வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கினாலும் பத்தாண்டுச் சிறை, அல்லது துப்பாக்கிக் குண்டு என்றது 1932 ஆகஸ்டு 7-ஆம் தேதிச் சட்டம். 1933 ஜனவரியில் பசித்த விவசாயிகள் உக்ரைனைவிட்டு வெளியேறுவதும் தடுக்கப்பட்டது. மக்கள்தொகை ஆய்வாளர்களின் மதிப்பீட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 35 முதல் 40 லட்சம். ஹோலோதோமோர் என்று உக்ரைனியர் அழைக்கும் அந்தப் பஞ்சத்துக்குப் பின் இன்னொன்று நடந்தது. நினைவைப் பொறுத்தவரை அதுதான் நீண்ட காலம் நின்றது. 1937-இல் எடுத்த மக்கள்தொகைக் கணக்கு, இருக்க வேண்டிய லட்சக்கணக்கானோர் இல்லை என்று காட்டியதும், அரசு அந்தக் கணக்கையே செல்லாது என்று அறிவித்தது. கணக்கெடுத்த அதிகாரிகளைக் கைது செய்தது. உக்ரைன் கட்சித் தலைமை அந்தப் பஞ்சத்தைப் பொதுமேடையில் ஒரு வரியில் ஒப்புக்கொள்ள 1987 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இடைப்பட்ட ஐம்பத்து நான்கு ஆண்டுகள் அந்த நினைவு எங்கே இருந்தது? சமையலறையில் இருந்தது. ரொட்டித் துணுக்கு மேசையில் விழுந்தால் பாட்டி அதை உள்ளங்கையில் கூட்டி வாயில் போட்டுக்கொள்வாள். காய்ந்த ரொட்டியைத் துணிப்பையில் கட்டி அலமாரியில் ஒளித்து வைப்பாள். பேரக்குழந்தை ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றுவாள். அந்தக் குழந்தை பள்ளியில் கூட்டுப்பண்ணையின் பெருமையைப் பற்றிக் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியது. வீட்டில் ஒரு நேற்று, வெளியே ஒரு நேற்று என்று இரண்டு கடந்த காலங்களோடு இரண்டு மூன்று தலைமுறைகள் வளர்ந்தன. இரண்டையும் ஒரே அறையில் சந்திக்க விடாமல் காத்தது அச்சம். நாளடைவில் அந்த அச்சம் பழக்கமாகி, பழக்கம் மறதியைப் போலவே தோற்றமளித்தது.

ஆகவே உக்ரைனியர் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள் என்று சொல்வதைவிட, பிரித்து வைக்கப்பட்ட இரண்டு நினைவுகளில் ஒன்றுக்கு வாய் கிடைத்தது என்று சொல்வதே பொருந்தும். 2006-இல் நாடாளுமன்றம் அந்தப் பஞ்சத்தை இனப்படுகொலை என்று அறிவித்தது. நவம்பரின் நான்காம் சனிக்கிழமை மாலையில் சன்னல்களில் மெழுகுவத்தி ஏற்றும் வழக்கம் பரவியது. 2015-இல் வந்த சட்டம் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி. விட்டுச்சென்ற ஆவணக் காப்பகங்களை எவரும் பார்க்கலாம் என்று திறந்துவிட்டது.

அந்தக் காப்பகத்தில் ஒரு கோப்பைத் திறப்பவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். பழுப்பேறிய அட்டையில் 'நிரந்தரமாகப் பாதுகாக்கவும்' என்ற முத்திரை. உள்ளே, கைது செய்த நாளில் முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் எடுத்த தாத்தாவின் படங்கள். வீட்டைச் சோதித்தபோது எடுத்துச் சென்ற பொருள்களின் பட்டியல். விசாரணைத் தாள்கள், ஒவ்வொரு தாளின் அடியிலும் கையொப்பம், முதல் தாளில் திடமாக, கடைசித் தாள்களில் நடுக்கத்தோடு. குடும்பத்துக்குச் சொன்னதோ 'கடிதத் தொடர்பு உரிமையின்றிப் பத்தாண்டு' என்று. 1950-களில் முகாமில் நோயுற்று இறந்தார் என்று ஒரு பொய்த் தேதியோடு சான்றிதழ் வந்திருக்கும். கோப்பின் கடைசியில் ஒட்டிய சிறு சீட்டு உண்மைத் தேதியைச் சொல்கிறது: தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே சுட்டுக்கொன்று விட்டார்கள். எந்த ஆட்சி அவரை இருந்த சுவடு தெரியாமல் அழிக்க முனைந்ததோ, அதே ஆட்சி தன் அலுவலக ஒழுங்கால் அவரைப் பேரன் கைக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இன்னும் சில தாள்களைப் புரட்டினால் சாட்சி சொன்னவரின் பெயர் வருகிறது. அது பக்கத்து வீட்டுக்காரரின் பெயராக இருக்கும். சில சமயம் உறவினரின் பெயராக.

காப்பகத்தில் இப்படித் தனித்தனி மனிதர்கள் தாள் புரட்டிக்கொண்டிருக்க, தெருவில் சிலைகள் விழுந்தன. 1939-லும் அதற்குப் பின்னும் சோவியத்துக்குள் இழுக்கப்பட்ட மேற்குப் பகுதிகள் 1990-லேயே லெனினை இறக்கத் தொடங்கிவிட்டன. கீவ் நகரின் பெசராப்கா சதுக்கத்துச் செந்நிறக் கல் லெனின் 2013 டிசம்பர் 8-இல் விழுந்தார். கார்கிவ் சதுக்கத்து லெனின் 2014 செப்டம்பரில். 2015-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 1,300-க்கும் மேற்பட்ட லெனின் சிலைகள் அகன்றன, 51,000-க்கும் மேற்பட்ட தெருக்கள் பெயர் மாறின. ஒடெஸாவில் ஒரு சிற்பி ஆலை வளாகத்து லெனினை ஹாலிவுட் படத்து டார்த் வேடராக மாற்றிவிட்டார். சிரிக்கத் தெரிந்த மக்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

ஆனால் சட்டத்தின் வேகம் மக்களின் வேகமாக இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கிரோவோஹ்ராத் நகரத்தார் தம் ஊருக்கு வேறொரு பழைய பெயரை விரும்பினார்கள். நாடாளுமன்றம் க்ரோபிவ்னித்ஸ்கி என்ற பெயரை வைத்தது. விடுதலைப் போராளிகள் என்று அரசு பட்டியலிட்டவர்களின் மதிப்பைக் குலைப்பது சட்டவிரோதம் என்றும் 2015-ஆம் ஆண்டுச் சட்டங்களில் ஒன்று சொன்னது. அந்தப் பட்டியலில் இருந்த உக்ரைன் கிளர்ச்சிப் படையினர் 1943-இல் வொலீனியாவில் போலந்துக் கிராமத்தாரைக் கொன்று குவித்தவர்கள் என்பதைப் பேச வேண்டிய வரலாற்றாசிரியர்கள் அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இன்னதைத்தான் நினைக்க வேண்டும் என்று ஆணையிடுவது எந்த ஆட்சியின் வழக்கமோ, அந்த ஆட்சியின் நினைவை அகற்றும் வேலையிலும் அதே வழக்கம் தலைகாட்டியது. முத்திரை மாறிய பின்னும் மாறாதிருந்த எஃகு இதுதான்.

பிறகு 2022 வந்தது. பிப்ரவரி 21-இல் ரஷ்ய அதிபர் ஆற்றிய உரையில், இன்றைய உக்ரைன் லெனினின் படைப்பு என்றார். நன்றி கெட்ட பிள்ளைகள் அவருடைய சிலைகளை இடித்துவிட்டார்கள், உண்மையான கம்யூனிச நீக்கம் எப்படி இருக்கும் என்று காட்டத் தாம் தயார் என்ற பொருளில் பேசினார். மூன்று நாளில் படை நுழைந்தது. இந்தத் தர்க்கத்தின் விசித்திரத்தைக் கவனிக்க வேண்டும்: லெனினைக் குற்றம் சாட்டிக்கொண்டு நுழைந்த படை, ஹெனிச்செஸ்க் என்ற ஊரைப் பிடித்த பின், ஏப்ரலில் அங்கே லெனின் சிலையைத் திரும்ப நிறுத்தியது. மரியுபோல் நகரில் ஹோலோதோமோரில் மடிந்தோருக்கான நினைவுக்கல்லை அக்டோபரில் பெயர்த்தெடுத்தது. பாக்முத் என்ற ஊரைக் கல்லோடு கல்லாக இடித்துப் பிடித்த பின், அதற்கு ஆர்தியோமொவ்ஸ்க் என்ற சோவியத் பெயரை மீண்டும் சூட்டியது. எவ்வளவு பெரிய வாதமும் செய்ய முடியாததை இது செய்தது. தன் இளமையின் சோவியத்தை நினைத்து ஏங்கிய கார்கிவ் மூதாட்டியின் அடுக்ககத்தின் மேல், அந்தச் சோவியத்தின் வாரிசு நானே என்று சொல்லிக்கொண்டு குண்டு வந்து விழுந்தபோது, அவளுடைய ஏக்கத்துக்கு நிற்க இடமில்லாமல் போனது. கடந்த காலம் திரும்பி வராது என்ற உறுதி இருக்கும்வரைதான் அதற்காக ஏங்க முடியும்.

இங்கேதான் நாம் சற்று நிதானிக்க வேண்டியிருக்கிறது. பகைவன் கற்றுத்தரும் வரலாறு கூர்மையாக இருக்கும், ஆனால் குறுகலாக இருக்கும். 'அவர்கள் வந்தார்கள், ஆண்டார்கள், கொன்றார்கள், போனார்கள்' என்று எழுபது ஆண்டுகளையும் ஓர் அந்நிய ஆக்கிரமிப்பாகச் சுருக்கிவிட்டால் நெஞ்சு ஆறும். ஆனால் பிரெஷ்னேவ் பிறந்தது உக்ரைனின் கமியான்ஸ்கே நகரில். செஞ்சேனையில் அறுபது லட்சத்துக்குக் குறையாத உக்ரைனியர் இருந்தார்கள். நாஜிகளை வீழ்த்தியதில் அவர்களுக்குப் பங்கில்லை என்றால் அது இன்னொரு பொய். குண்டு விழும் இரவுகளில் கீவ் மக்கள் இறங்கி உறங்கிய, நூறு மீட்டருக்கும் அதிக ஆழமான அர்செனால்னா மெட்ரோ நிலையம் 1960-இல் திறந்தது. அந்தச் சுரங்கத்தை வெட்டிய கைகளும் சோவியத் கைகள்தாம், உக்ரைனியக் கைகள்தாம்.

கீவ் நகரின் பைகோவா இடுகாட்டருகே தகனக் கூடத்தை ஒட்டி ஒரு சுவர் இருக்கிறது. அதா ரிபாச்சுக், வொலோதிமிர் மெல்னிச்சென்கோ என்ற கலைஞர் தம்பதி பதின்மூன்று ஆண்டுகள் உழைத்து, 213 மீட்டர் நீளத்துக்குப் பிறப்பையும் காதலையும் துயரையும் புடைப்புச் சிற்பமாக வடித்தார்கள். வேலை முடியும் தறுவாயில், 1982-இல், இது சோவியத் கலைக்கு ஒவ்வாதது என்று சொல்லி அதிகாரிகள் முழுச் சுவரையும் கான்கிரீட் கொட்டி மூடினார்கள். இது சோவியத் காலத்துக் கலையா, சோவியத் கொன்ற கலையா? இரண்டும்தான். சுவரின் ஒரு சிறு பகுதியை இப்போது சுரண்டி வெளியே எடுத்திருக்கிறார்கள். அகற்று, காப்பாற்று என்ற இரண்டே சொற்கள் கொண்ட சட்டத்தில் மீதிச் சுவருக்கு இடம் தேடுவது கடினம்.

ஒரு காலத்தை மறுக்க வேண்டுமானால் முதலில் அதைத் தன்னுடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது கேட்க முரணாகத் தோன்றலாம். ஆனால் பிறர் செய்ததை நாம் கண்டிக்கத்தான் முடியும், வருந்தித் திருந்த முடியாது என்பதையும், திருந்துதல் என்ற செயல் 'இது என் வீட்டில், என் மொழி பேசியவர்களின் கையாலும் நடந்தது' என்று சொல்லும் துணிவிலிருந்தே பிறக்கிறது என்பதையும், அந்தத் துணிவு வராதவரை சிலைகளும் தெருப்பெயர்களும் எத்தனை முறை மாறினாலும் ஆணையிடும் பழக்கமும் அஞ்சி வாயடைக்கும் பழக்கமும் உள்ளே அப்படியே குடியிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தால், ஒரு மக்கள் தம் நேற்றை உடைமையாக்கிக்கொள்வதும் அதிலிருந்து விடுபடுவதும் வெவ்வேறு இரண்டு செயல்களல்ல என்பது விளங்கும். உக்ரைனியர் பலர் இதை நமக்கு முன்பே அறிந்திருக்கிறார்கள். கம்பியால் தரையைக் குத்தித் தானியம் தேடிய குழுக்களில் அதே ஊர்க்காரர்களும் இருந்தார்கள் என்று உயிர் தப்பியவர்களே வாக்குமூலம் தந்திருக்கிறார்கள், பெயர்களையும் சொல்லியிருக்கிறார்கள்.

2010 ஜனவரியில் கீவ் மேல்முறையீட்டு நீதிமன்றம், அந்தப் பஞ்சத்துக்கு ஸ்டாலின், மொலோதவ், ககனோவிச், கொசியோர், சுபார், போஸ்திஷெவ், கதாயெவிச் ஆகிய ஏழு பேரும் பொறுப்பு என்று கூறி, அவர்கள் இறந்துவிட்டதால் வழக்கை முடித்துவைத்தது. கடைசி நால்வரையும் 1937-க்கும் 1939-க்கும் இடையில் ஸ்டாலினின் காவல்துறையே சுட்டுக்கொன்றிருந்தது. உச்சிப்படியில் நின்றவர்களைத் தீர்ப்பு எட்டியது. கீழ்ப்படியில் கம்பியோடு நின்றவனை அது தொடவில்லை. தொடுவதற்கு அவனும் உயிரோடில்லை.

இன்று அந்தக் கீழ்ப்படியே உயிரோடு நீதிமன்றத்துக்கு வருகிறது. 2022 மார்ச்சில் திருத்திய குற்றவியல் சட்டப்படி, ரஷ்யப் படை பிடித்து வைத்திருந்து பின்னர் மீட்கப்பட்ட கார்கிவ், கெர்சோன் வட்டாரங்களிலிருந்து எதிரியோடு ஒத்துழைத்ததாக ஆயிரக்கணக்கான வழக்குகள் பதிவாகியிருக்கின்றன. படையினருக்கு அண்டை வீட்டாரைக் காட்டிக்கொடுத்தவரும் அங்கே நிற்கிறார். ரஷ்யப் பாடத்திட்டத்தை வகுப்பில் நடத்திய ஆசிரியையும் நிற்கிறார். ஊருக்கு ரொட்டியும் தண்ணீரும் வந்து சேர வேண்டுமே என்று நகராட்சி நாற்காலியில் உட்கார்ந்தவரும் நிற்கிறார். இவர்களுக்குள் வேறுபாடு காண்பது எப்படி என்று உக்ரைனிய வழக்கறிஞர்களும் மனித உரிமை அமைப்புகளும் இப்போதே கடுமையாக வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். சட்டத்தைத் திருத்தவும் கோருகிறார்கள். 1933-இல் இல்லாத ஒரு வசதி இந்த முறை அவர்களுக்கு உண்டு. வழக்கு திறந்த மன்றத்தில் நடக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பேச வாய் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கூண்டில் தன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் பேச வேண்டியிருக்கிறது.